ஜாமீன் கிடைத்தும் சிறையில் இருப்பது ஏன்? பணமில்லாத கைதிகளுக்குச் சட்டம் தரும் வழிகள்

நீதிமன்றம் ஜாமீன் கொடுத்துவிட்டது. ஆனால், கைதி வெளியே வரவில்லை. அவருக்காகக் கையெழுத்துப் போட, சொத்துள்ள ஆள் யாரும் இல்லை என்பதுதான் காரணம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 76 பேர், குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். இவர்களில் ஜாமீன் மறுக்கப்பட்டவர்களும் உண்டு, ஜாமீன் கேட்கவே ஆளில்லாதவர்களும் உண்டு. ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் உள்ளே இருப்பவர்கள் தனிக் கணக்கு. சுமார் 5,000 பேர் இப்படி இருந்ததாக தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவான நால்சா 2023 தொடக்கத்தில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அவர்களில் 2,357 பேருக்குச் சட்ட உதவி தரப்பட்டது. 1,417 பேர் விடுதலையானார்கள்.

ஜாமீன்னா பணம் கட்டணுமா?

பெரும்பாலும் இல்லை. "25,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணை, அதே தொகைக்கு இரண்டு பேர் ஜாமீன்" என்பதுபோல உத்தரவு இருக்கும். அந்த இரண்டு பேரும் தங்களுக்கு அந்த அளவு வசதி இருப்பதை ஆவணத்தோடு காட்ட வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் வாய்தாவுக்கு வராமல் போனால், அந்தத் தொகைக்கு அவர்கள்தான் பொறுப்பு.

நிலமோ வீடோ வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது ஒரு நாள் வேலை. வேறு மாநிலத்தில் கைதான கட்டடத் தொழிலாளிக்கு அப்படியில்லை. அங்கே அவருக்குத் தெரிந்தவர்களும் அன்றாடங்காய்ச்சிகள்தான். உள்ளூர் ஆளே ஜாமீன் போட வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டால், ஊரிலிருந்து அண்ணன் பத்திரத்தோடு வந்தாலும் பயனில்லை. ஒரே குற்றம், ஒரே உத்தரவு. ஒருவர் சாயங்காலமே வீட்டுக்குப் போகிறார், இன்னொருவர் மாதக்கணக்கில் உள்ளே இருக்கிறார்.

இது புதுப் பிரச்சனையா?

இல்லை. 1978-ல் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. கீழ் நீதிமன்றமோ 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டது. அவருடைய சகோதரர் முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஏற்க மறுத்தது. மறுபடியும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த அவரை 1,000 ரூபாய் சொந்தப் பிணையிலேயே விட உத்தரவிட்டார் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர்.

அடுத்த ஆண்டே ஹுசைனாரா காத்தூன் வழக்கு வந்தது. பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களைப் பற்றி 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளிதழ் எழுதியது. அதை வைத்து வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி மனு போட்டார். தங்கள் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையையும் தாண்டி உள்ளே இருந்தவர்கள் அதில் இருந்தார்கள். ஏழைக்கு இலவசச் சட்ட உதவி என்பது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வு சொன்னது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் மூன்று பிரிவுகள் முக்கியம்.

• பிரிவு 478: ஜாமீனில் விடத்தக்க குற்றத்தில் கைதானவர் ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாவிட்டால், அவரை வசதியற்றவர் என்று கருதி, சொந்தப் பிணையில் விட வேண்டும்.

• பிரிவு 479: அதிகபட்சத் தண்டனையில் பாதியைச் சிறையில் கழித்தவரைப் பொதுவாக ஜாமீனில் விட வேண்டும், இதற்கு முன் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். மனு போட வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. மரண, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், பல வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது.

• பிரிவு 484: பிணைத் தொகை மிதமிஞ்சி இருக்கக் கூடாது.

உச்ச நீதிமன்றத்தின் 7 நாள் விதி

2023 ஜனவரி 31 அன்று நீதிபதிகள் சஞ்சய் கிஷன் கவுல், அபய் எஸ். ஓகா அமர்வு சில வழிமுறைகளை வகுத்தது. ஜாமீன் உத்தரவு அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்குப் போக வேண்டும். 7 நாளில் கைதி வெளியே வராவிட்டால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சிறைக் கண்காணிப்பாளர் தகவல் சொல்ல வேண்டும். ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க முடியவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரரை வற்புறுத்துவதும் தாமதத்துக்கு ஒரு காரணம் என்று அந்த உத்தரவு சுட்டிக்காட்டியது.

2024 ஆகஸ்டில் வந்த இன்னொரு வழக்கில், 13 வழக்குகளிலும் ஜாமீன் பெற்ற ஒருவரால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆள் பிடிக்க முடியவில்லை. ஒரே ஜாமீன்தாரர்களைப் பல வழக்குகளுக்கும் ஏற்கச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

அரசு பணம் கொடுக்குமா?

கொடுக்கும். ஏழைக் கைதிகளுக்கான ஆதரவுத் திட்டத்தை மத்திய அரசு 2023-ல் கொண்டுவந்தது. அப்போது வெளியான வழிமுறைப்படி, விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையும் வழங்கலாம். மாவட்ட அளவிலான குழு இதை முடிவு செய்யும். போதைப்பொருள், உபா, பணமோசடித் தடுப்பு, ஊழல் தடுப்புச் சட்ட வழக்குகளுக்கு இது கிடையாது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. பணத்தை அரசு கட்டலாம். நீதிமன்றம் கேட்பது சொத்துள்ள ஆளை என்றால், பணம் மட்டும் போதாது. நிபந்தனையை மாற்றக் கேட்டு மனு போட ஒரு வழக்கறிஞர் வேண்டும்.

நமக்குத் தெரிந்தவருக்கு இப்படி நடந்தால்?

வீட்டு வேலை செய்பவர், செக்யூரிட்டி, டெலிவரி ஊழியர் என்று யாருடைய குடும்பமாவது உங்களிடம் வந்து நிற்கலாம். முதலில் ஜாமீன் உத்தரவு நகலை வாங்கி, தேதியையும் நிபந்தனையையும் பாருங்கள். 7 நாள் தாண்டியிருந்தால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். இலவச உதவி எண் 15100. காவலில் இருப்பவருக்கு இலவச வழக்கறிஞர் பெற வருமான வரம்பு கிடையாது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் அப்படியே. நீங்களே ஜாமீன் போட நினைத்தால், அவர் வாய்தாவுக்கு வராவிட்டால் பொறுப்பு உங்களுடையது என்பதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால், 7-வது நாளை யாராவது எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.