கிரிப்டோ வாலட்: பூட்டு பலமானது, கண்ணாடிதான் பொய் சொன்னது

வகுப்பில் பலரும் கேட்கும் கேள்வி இது: "மூலநிரல் எல்லார் கண்ணுக்கும் திறந்து கிடக்கிற வாலட்டிலிருந்து எப்படித் திருடுகிறார்கள்?" நான் படித்தவரையில், நிரலை உடைத்தவர்களைவிட ஆளை ஏமாற்றியவர்கள்தான் அதிகம் அள்ளியிருக்கிறார்கள்.

முதலில் பூட்டே இல்லை. 2011 ஜூனில் ஒரு பயனர் தன் கணினியிலிருந்து 25,000 பிட்காயின் திருடுபோனதாகச் சொன்னார். வாலட் கோப்பு அப்போது குறியாக்கம் இல்லாமல் சும்மா கிடந்தது. அதைக் கடவுச்சொல்லால் பூட்டும் வசதி அந்த ஆண்டு செப்டம்பரில் 0.4 பதிப்பில்தான் வந்தது.

அடுத்து எலக்ட்ரம். 2018 டிசம்பரில் திருடர்கள் தாங்களே சர்வர்களை நிறுவி அதன் வலையமைப்பில் நுழைத்தார்கள். பணம் அனுப்ப முயன்றால் வாலட்டுக்குள்ளேயே "புதிய பதிப்பை இறக்குங்கள்" என்று ஒரு செய்தி வரும். இறக்கினால் முடிந்தது கதை! 2020 ஆகஸ்டில்கூட, பழைய பதிப்பை வைத்திருந்த ஒருவர் 1,400 பிட்காயின் இழந்ததாகத் தெரிவித்தார். அதிகாரபூர்வ தளத்தில் மட்டும் இறக்கி, உருவாக்கியவரின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்திருந்தால் போலிப் பதிப்பு அங்கேயே மாட்டியிருக்கும். (நம்மில் எத்தனை பேர் அதைச் செய்கிறோம்?)

சரி, நம் நாட்டுக்கு வருவோம். 2024 ஜூலை 18, வசீர்எக்ஸ். போனது சுமார் 23 கோடி டாலர், அதாவது 2,000 கோடி ரூபாய்க்கு அருகில். அந்த வாலட் 'சேஃப்' என்ற திறந்தமூல ஒப்பந்தத்தில் இயங்கியது. சாவிகள் ஆறு: வசீர்எக்ஸிடம் ஐந்து, லிமினல் நிறுவனத்திடம் ஒன்று. வசீர்எக்ஸின் மூன்று பேரும் லிமினலும் கையெழுத்திட்டால்தான் பணம் நகரும். சாவிகள் வன்பொருள் கருவிகளில் இருந்தன. இதைவிட என்ன பாதுகாப்பு வேண்டும் என்றுதான் தோன்றும்.

ஆனால் திரையில் தெரிந்தது ஒன்று, கையெழுத்தானது வேறு. சாதாரணப் பரிமாற்றம் என்று நினைத்து அவர்கள் ஒப்புக்கொண்டது, அந்த ஒப்பந்தத்தின் நிரலையே மாற்றும் உத்தரவு. மாறியதும் பழைய சாவிகள் தேவைப்படவில்லை. இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று கைகாட்டின. வட கொரியாதான் காரணம் என்று 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா கூட்டாக அறிவித்தன. வாடிக்கையாளர் சொத்துகளோ ஓராண்டுக்கு மேல் முடங்கின. 2025 அக்டோபரில்தான் வர்த்தகம் மீண்டும் தொடங்கியது. வங்கியில் தப்பு நடந்தால் ஏற்காட்டுக்காரர்கள் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்தில் ஒரு அதிகாரியைப் பிடித்துக் கேட்கலாம். இங்கே பரிமாற்றம் பதிவானால் பதிவானதுதான்.

2025 பிப்ரவரியில் பைபிட்டிலும் இதே கதை, சுமார் 150 கோடி டாலர். அங்கே கெடுக்கப்பட்டது சேஃபின் வலைப்பக்கம். ஒப்பந்த நிரலில் ஓட்டை இல்லை. ஆகவே கையெழுத்திடும் முன் பரிமாற்றத்தின் ஹாஷை வேறொரு கணினியில் தனியாகக் கணக்கிட்டு, வன்பொருள் கருவியின் திரையில் தெரிவதோடு ஒப்பிட வேண்டும். எழுத்துக்கு எழுத்துப் பார்க்க வேண்டிய அலுப்பான வேலைதான், ஐந்து நிமிடமாவது பிடிக்கும்.