கொய்சுவலும் நெற்றிமயிரும்

"குதிரை குணமறிந்தே தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை" என்பது நம் முன்னோர் மொழி. கொம்பைக் கொடாத தம்பிரான் மயிரைக் கொடுத்தான். நெற்றியிலும் பிடரியிலும் வாலிலும், வாயைச் சுற்றியும், கால்களின் கணுவிலும் கொடுத்தான். அம்மயிரை மனிதன் எதற்காகக் கொய்தான், எவ்வளவு கொய்தல் தகும் என்பவற்றைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்முனைக் கரைக்கும் குதிரைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் நகைத்தல் கூடும். வேட்டைத் திருவிழாவில் சுவாமி எழுந்தருளும் மரக்குதிரையன்றி வேறு குதிரையை இளமையில் நாமும் கண்டதில்லை. சென்ற ஆண்டு சித்திரை விடுமுறையில் நண்பர் சிலருடன் நுவரெலியாவுக்குச் சென்றபோதே உயிருள்ள குதிரையை அருகில் நின்று பார்த்தோம். பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடும் மட்டக்குதிரை அது. அதன் வாயைச் சுற்றியிருந்த மீசைமயிர் முழுவதும் மழிக்கப்பட்டிருந்தது. ஆனால் காதுகளுக்குப் பின்னே, கடிவாளத்தின் வார் கிடக்கும் இடத்தில், மயிர் சடைபிடித்துத் தோல் உரிந்து கிடந்தது. மீசையை ஏன் வழித்தீர் என்று கேட்டோம். "வடிவுக்குத்தான் தம்பி" என்றார் அதை நடத்தியவர். எம்முடன் வந்த கல்முனைக்குடி நண்பர், "குதிரையிட நெத்தி மயிர வெட்டப்படாது எண்டு எங்கட வாப்பா சொல்லுவாரு" என்றார். நாமோ, சங்கத் தமிழர் குதிரைமயிரைக் கொய்தனரே என்று மறுத்தோம். அன்றிரவு முழுவதும் வாதம் நடந்தது. அவ்வாதத்தின் பயனே இக்கட்டுரை.

முதலில் சங்க நூல்களை நோக்குவோம். 'சுவல்' என்பது பிடரியையும் பிடரிமயிரையும் குறிக்கும் சொல். கொய்து ஒழுங்கு செய்யப்பட்ட பிடரிமயிரைக் 'கொய்சுவல்' என்ற ஒரே தொடரால் நம் புலவர் குறித்தனர். அகநானூற்றின் நான்காம் பாட்டில், குறுங்குடி மருதனார் தலைவனுடைய தேர்க்குதிரையை இவ்வாறே அடைமொழி தந்து பாடுகிறார். தேரிலே பூட்டிய குதிரைக்கு நீண்ட மயிர் நுகத்திலும் வாரிலும் சிக்கித் துன்பம் தருமாதலின், அதனைக் கொய்தல் அழகுக்கும் உதவிற்று, குதிரையின் நலத்துக்கும் உதவிற்று என்று கொள்ளலாம். அதே பாட்டில் வரும் தலைவன், பூவில் தேனுண்ணும் வண்டுகள் தேர்மணியின் ஓசையால் அஞ்சுமென்று மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். வண்டின் அச்சத்தையும் எண்ணிய ஒருவனுடைய குதிரைக்கே 'கொய்சுவல்' என்னும் அடைமொழி அமைந்தது. இதனை மறத்தலாகாது.

அக்குதிரைகள் கடல்வழி வந்தவை என்பதைப் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வருணனையிலே காட்டுகிறது. தமிழகத்தின் வெப்பமும் ஈரமும் குதிரை பெருகுதற்கு ஏற்றன அல்ல. ஆதலால் பிற்காலத்திலும் பாண்டியர் கப்பலையே எதிர்நோக்கினர். திருவாதவூரடிகள் குதிரை வாங்கச் சென்ற பொருளைத் திருப்பெருந்துறையிலே திருப்பணிக்குச் செலவிட்டதும், இறைவன் நரியைப் பரியாக்கித் தானே குதிரை வாணிகனாய் வந்ததும் நாம் அறிந்த கதை. குதிரை வாணிகம் நாட்டு வாழ்வில் எத்துணைப் பெரிய இடம் பெற்றிருந்ததென்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? குதிரை வீரரைக் குறிக்கும் 'இராவுத்தர்' என்னும் பெயர் தமிழ் முஸ்லிம்களிடையே இன்றும் வழங்குகிறது. கந்தரலங்காரம் பாடிய அருணகிரிநாதரோ மயிலேறும் முருகனையே 'இராவுத்தன்' என்று அழைத்தார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக்கு வந்த வெனிசு நாட்டு மார்க்கோ போலோ இங்கு ஒரு குறையைக் கண்டார். அரசர் பெரும்பொருள் கொடுத்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளை வாங்கினர். ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை இறந்தன. லாடம் அடிக்கவும் நோய் தீர்க்கவும் வல்லவர் இல்லாமையே காரணம் என்றும், மேலும் மேலும் விற்கும் ஆசையால் வணிகர் அத்தகையோரை வரவிடவில்லை என்றும் அவர் எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், மாபார் எனப்பட்ட இக்கரைத் துறைகளுக்கு ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் வந்தனவென்றும், ஒன்றின் விலை 220 பொற்காசு என்றும் கூறுகிறார். வறுத்த தானியத்தை நெய்யிற் பிசைந்து ஊட்டிய வழக்கத்தையும் குறிக்கிறார். அன்பு இருந்தது, பொன்னும் இருந்தது, குதிரையை அறிந்த கைதான் போதவில்லை. இத்தனைக்கும் அவ்வறிவு நம் நாட்டுக்குப் புதியதன்று. விராடன் அரண்மனையில் மறைந்து வாழ்ந்தபோது நகுலன் ஏற்ற தொழில் குதிரை பேணுதலே. அவன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரம் தஞ்சைச் சரசுவதி மகாலிலிருந்து 1952இல் அச்சேறியது.

நிற்க. நண்பருடைய வாப்பா சொன்னதற்கு ஆதாரம் உண்டா? உண்டு. அபூதாவூத் தொகுத்த நபிமொழிகளுள் ஒன்று, குதிரையின் நெற்றிமயிரையும் பிடரிமயிரையும் வாலையும் வெட்டலாகாதென்று விலக்குகிறது. வால் அதற்கு ஈயோட்டும் விசிறி என்றும், பிடரிமயிர் குளிருக்குப் போர்வை என்றும், நெற்றிமயிரில் நன்மை பிணைந்துள்ளதென்றும் அது காரணமும் கூறுகிறது. அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முன்னர் கிரேக்க நாட்டுச் செனபோன் குதிரையேற்றம் பற்றி எழுதிய நூலிலும் இக்கருத்தைக் காண்கிறோம். நெற்றிமயிர் பார்வையை மறைக்காமல், கண்ணில் விழுவனவற்றைத் துடைத்துத் தள்ளுகிறது என்கிறார் அவர். பாலைநிலத்தாரும் கிரேக்கரும் தனித்தனியே கண்டு ஒரே முடிவுக்கு வந்தனர்.

அவ்வாறாயின் கொய்தல் முழுவதும் தவறோ? அன்று. இன்று குதிரை பேணுவோர் கைக்கொள்ளும் முறையை நோக்கினால் இவ்விரு வழக்கும் ஒத்துப்போதல் விளங்கும். காதுகளுக்குப் பின்னே கடிவாளத்தின் வார் கிடக்கும் இடத்தில் மட்டும் ஓரிரு அங்குல அகலம் மயிரைக் குறைப்பர். வார் சமமாகப் படியும். சடையும் புண்ணும் நேரா. தாடைக்குக் கீழே தொங்கும் முரட்டு மயிரைச் சீப்பு வைத்து மட்டமாக்குவர். காதின் இரு ஓரங்களையும் மெல்லச் சேர்த்துப் பிடித்து வெளியே நீண்டு நிற்பதை மட்டும் நறுக்குவர். பூச்சியையும் தூசியையும் தடுப்பதாதலின் உள்மயிரைத் தொடார்.

கால்களிலே குளம்புக்கு மேலுள்ள கணுவின் பின்புறத்தில் மயிர் குஞ்சம்போல் வளரும். ஷயர், கிளைட்ஸ்டேல் முதலிய பாரக்குதிரைகளுக்கு அது குளம்பையே மூடும். மழைக்காலத்தில் சேறு அதில் ஒட்டிக் காயாதிருப்பின் தோல் வெந்து புண்ணாகும், உண்ணிகளும் ஒளிந்திருக்கும். ஆகவே கால் நன்கு காய்ந்தபின், சீப்பால் மேல்நோக்கி வாரி, சீப்புக்கு வெளியே நிற்பதை மட்டும் கத்தரிப்பர். மழை நீர் குதிகாலில் தங்காமல் வடிவதற்கு அம்மயிரும் சிறிது துணைசெய்வதால், அடியோடு மழிப்பதில்லை. வெட்டுபவர் குதிரையின் பக்கத்தில் நிற்கவேண்டும். நேர் பின்னே நிற்றலாகாது.

தொடவே கூடாதது வாயையும் கண்ணையும் சுற்றியுள்ள மீசைமயிர். தன் மூக்கின் நேர்கீழே இருப்பதைக் குதிரையாற் காண இயலாது. புல் எது, முள் எது, தொட்டியின் விளிம்பு எங்கே என்பவற்றை அம்மயிரால் தொட்டே அறிகிறது. ஒவ்வொரு மயிரின் வேரிலும் நரம்புகள் செறிந்துள்ளன. அதை மழித்தல் குருடனின் கைக்கோலைப் பறித்தலை ஒக்கும். ஜேர்மனியும் சுவிற்சர்லாந்தும் இதனைச் சட்டத்தால் தடுத்துள்ளன. சர்வதேச குதிரையேற்றச் சம்மேளனமும் 2021 யூலை 1ஆம் திகதி முதல், மீசைமயிர் நீக்கிய குதிரைகளைத் தன் போட்டிகளில் ஏற்பதில்லை. நுவரெலியாவில் நாம் கண்ட அக்குதிரையிடம் வெட்டவேண்டிய இடத்தை விட்டுவிட்டு, வெட்டக்கூடாத இடத்தை வெட்டியிருந்தனர்!

மேல்நாட்டார் இதனை எளிதிற் கற்றுவிடவில்லை. மிஷன் பாடசாலையில் நாம் வாசித்த 'பிளாக் பியூட்டி' என்னும் நூலை அன்னா சுவெல் அம்மையார் 1877இல் வெளியிட்டார். அதில் வரும் கிழக்குதிரை ஒன்று, அழகுக்காகத் தன் வாலை எலும்போடு துண்டித்தமையால் ஈயோட்ட வழியின்றி வாழ்நாளெல்லாம் வருந்துவதைக் கூறும். அக்கொடுமையை இங்கிலாந்து சட்டத்தால் நிறுத்தியது 1949இல் தான். நூல் வெளிவந்து 72 ஆண்டுகள் கழிந்திருந்தன.

நம் நாட்டு நெடுந்தீவில் இன்றும் குதிரைகள் கட்டின்றித் திரிகின்றன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை என்பர். அவற்றுக்குக் கத்தரியும் வேண்டாம், சீப்பும் வேண்டாம். கோடையில் குடிக்கத் தண்ணீரே வேண்டும். எவ்வுயிர்க்கு எது வேண்டும் என்று அறிந்து செய்வதே பேணுதல்.

ஆகவே அன்றிரவு வாதத்தில் வென்றவர் யார்? நம் நண்பர் நபிமொழியின் பக்கம் நின்றார். நாம் சங்கப் பாட்டின் பக்கம் நின்றோம். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தபோது, இரண்டும் கேட்பது ஒரே கேள்வி என்று கண்டோம்: கத்தரியை எடுப்பது குதிரைக்காகவா, காண்பவர்க்காகவா? ஒரே கடல் கொண்டுவந்த குதிரை நம் இரு சமூகத்தார் நூலிலும் சொல்லிலும் இடம்பெற்றிருக்கிறது. அடுத்தடுத்த தெருக்களில் வாழும் நாம் ஒருவர் வீட்டு நூலை மற்றவர் அறியாமலே வளர்ந்துவிட்டோம். இக்குறை நீங்க வேண்டும். அடுத்த விடுமுறையில் அந்நண்பரோடு நெடுந்தீவுக்குச் செல்ல எண்ணியுள்ளோம். அகநானூற்றை நாம் கொண்டுசெல்வோம். தம் வாப்பாவின் நூலை அவர் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.