வெளிமாநிலப் பயணத்தில் துப்பாக்கி உரிமம்

துப்பாக்கி உரிமம் பெற்ற ஒருவர் தம் துப்பாக்கியுடன் மாநில எல்லையைக் கடந்து செல்வதற்கான சட்ட ஏற்பாடு பற்றியது இக்கட்டுரை. இந்தியாவில் இது 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்துக்கும் 2016 ஆம் ஆண்டின் படைக்கல விதிகளுக்கும் உட்பட்டது. இந்திய உரிமம் ஆளையும் ஆயுதத்தையும் மட்டுமன்றி, அது செல்லுபடியாகும் நிலப்பரப்பையும் குறிப்பிடுகிறது. அந்தப் பரப்புக்கு வெளியே கொண்டுசென்றால், முறையாக வாங்கிய துப்பாக்கியும் குற்றத்துக்குரிய பொருளாகிவிடும். மாநில எல்லையை ஒட்டியுள்ள டெல்லி மயூர் விஹார் போன்ற குடியிருப்புகளில் இந்த விதி அன்றாடப் பொருத்தம் உடையது.

வரலாறு

1857 எழுச்சிக்கு முன்னர் இந்தியா முழுவதற்கும் பொதுவான ஆயுதச் சட்டம் இருந்ததில்லை. எழுச்சி நடந்த ஆண்டிலேயே அவசரமாக ஒரு சட்டமும், 1860 இல் மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்த மற்றொரு சட்டமும் வந்தன. இவற்றையடுத்து, வைஸ்ராய் லிட்டன் பிரபு காலத்தில் 1878 ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் பிறந்தது. உரிமம் இன்றி எவரும் ஆயுதம் தாங்கி நடமாடக் கூடாது என்றது அதன் 13 ஆம் பிரிவு. ஐயத்துக்குரிய முறையில் ஆயுதம் கொண்டுசெல்பவரைப் பிடிக்க 12 ஆம் பிரிவு வகைசெய்தது. அரசு ஊழியருக்குத் தெரியாமல் மறைக்கும் நோக்குடன் இக்குற்றங்களைச் செய்வோருக்கு 20 ஆம் பிரிவு ஏழாண்டு வரை சிறை விதித்தது.

இச்சட்டத்தின் கொடுமை அதன் விலக்குப் பட்டியலில் இருந்தது. ஐரோப்பியர் உரிமமின்றித் துப்பாக்கியுடன் நாடெங்கும் சுற்றலாம். இந்தியரோ பட்டம் பெற்றவராகவோ பெருநிலக்கிழாராகவோ இருந்தாலன்றி அதிகாரியின் தயவை நாடவேண்டும். சென்னையில் 1887 டிசம்பரில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் கூடிய காங்கிரசின் மூன்றாவது மாநாடு, சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. இளைஞரான விபின் சந்திர பாலர் அங்கு அதற்காக முழங்கினார். லிட்டனின் தாய்மொழிப் பத்திரிகைச் சட்டத்தை 1882 இல் நீக்கிய ரிப்பன் பிரபு, ஆயுதச் சட்டத்தை மட்டும் தொடவில்லை. 1918 இல் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் திரட்டிய காந்தி, ஆங்கில ஆட்சியின் தீச்செயல்களில் மிகக் கரியதாக இச்சட்டத்தைத் தம் துண்டறிக்கையில் சுட்டினார். இன அடிப்படையிலான விலக்குகள் 1920 இல்தான் பெரும்பாலும் நீங்கின.

சட்டம் கடுமையாக இருந்தபோதிலும் ஆயுதங்கள் எல்லை கடந்தன. புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அங்கு வ.வே.சு. ஐயரிடம் சுடப் பயிற்சி பெற்ற தியாகி வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷைச் சுட்டது பிரௌனிங் கைத்துப்பாக்கியால்தான்.

குடகு விலக்கு

காலனிய விலக்குகளில் இன்றும் உயிரோடிருப்பது குடகு மக்களுக்கு உரியது. குடவர் இனத்தவருக்கும் ஜம்மா எனும் பரம்பரை நில உரிமை கொண்டோருக்கும் 1861 முதல் தொடரும் இச்சலுகை, 1959 சட்டத்தின் கீழும் அறிவிக்கை வழியாக நிலைநிறுத்தப்பட்டது. 2019 இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021 இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அதைச் செல்லத்தக்கதென உறுதிசெய்தது. இந்த விலக்கு மாவட்ட எல்லையோடு முடிவதில்லை. குடகுக்கு வெளியே வசிக்கும்போதும் பயணம் செய்யும்போதும் 100 தோட்டாக்களுடன் ஒரு ரைஃபிளும், 500 தோட்டாக்களுடன் ஒரு வழுவழுப்பான குழல் துப்பாக்கியும் என்ற உச்சவரம்பு உண்டு. ஊர் எல்லையைத் தாண்டியும் செல்லுபடியாகும் இந்திய ஆயுத விலக்குக்கு இதுவே தெளிவான எடுத்துக்காட்டு.

உரிமையா, சலுகையா

1931 கராச்சி காங்கிரசின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை அரசியலமைப்பில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் எதிர்த்தார், திருத்தம் தோற்றது. ஆயுதம் குறித்து அரசியலமைப்பின் 19 ஆம் பிரிவு சொல்வது, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை மட்டுமே. எனவே இந்தியாவில் துப்பாக்கி வைத்திருத்தல் அரசு தரும் சலுகையே. அமெரிக்காவிலோ அது அரசியலமைப்பு உரிமை. பூட்டி வைத்த, தோட்டா நிரப்பாத துப்பாக்கியுடன் இடைப்பட்ட மாநிலங்களைக் கடந்துபோக அங்கு 1986 ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது.

தற்காலச் சட்ட அமைப்பு

ஆயுதங்கள் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் ஒன்றியப் பட்டியலைச் சேர்ந்தவை. ஆகவே சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றே. உரிமம் வழங்குவோர்தாம் உள்ளூர் அதிகாரிகள். மாவட்டங்களில் மாவட்ட நடுவரான ஆட்சியரும், சென்னை, டெல்லி போன்ற பெருநகரங்களில் காவல் ஆணையரின் கீழுள்ள உரிமப் பிரிவும் இதைச் செய்கின்றன. 1962 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த படைக்கலச் சட்டம், 2019 இல் திருத்தப்பட்டது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. உரிமக் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீண்டது.

செல்லுபடியாகும் பரப்பை வைத்து உரிமங்களை மூன்றாக வகைப்படுத்தலாம்:

1. மாவட்ட அல்லது மாநில அளவிலானவை. பெரும்பாலான உரிமங்கள் இவ்வகையின.
2. அண்டை மாநிலங்களுக்கு நீட்டிக்கப்பட்டவை. உள்துறை அமைச்சகத்தின் 2010 ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இதை மூன்று மாநிலங்களோடு நிறுத்தியது.
3. இந்தியா முழுவதற்குமானவை. வைத்திருப்போர் இதை 'ஆல் இண்டியா' என்பர். ஒன்றிய அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், படையினர், அகில இந்தியப் பணி அதிகாரிகள், நாட்டின் எப்பகுதிக்கும் பணிமாற்றத்துக்குரிய அலுவலர்கள், துப்பாக்கி சுடும் வீரர்கள் ஆகியோருக்கு அதே வழிகாட்டுதல் முன்னுரிமை தந்தது.

உரிமப் பரப்பை மீறுவது நிபந்தனை மீறலாகச் சட்டத்தின் 30 ஆம் பிரிவில் அடங்கும். அதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு. உரிமமே இல்லாமல் வைத்திருப்பதற்கான 25 ஆம் பிரிவு இதைவிட மிகக் கடுமையானது.

மறைத்துச் சுமத்தல்

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்குத் தனி அனுமதி வேண்டும். இந்திய விதியோ மறைக்கச் சொல்கிறது. 2016 விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி உடலோடு பொருத்திய உறையிலோ தோள்பையிலோ இருக்கவேண்டும், முழுவதும் மூடப்பட்டிருக்கவேண்டும், சுமப்பவரின் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும். நீண்ட துப்பாக்கிக்கும் அதற்கென அமைந்த உறை தேவை. திருவிழா, ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிலைய வளாகம் ஆகிய இடங்களுக்குச் சிறப்பு அனுமதியின்றிக் கொண்டுபோகக் கூடாது. கேட்கும் அதிகாரியிடம் உரிமத்தைக் காட்ட வேண்டும் என்கிறது சட்டத்தின் 19 ஆம் பிரிவு. ஆக, மறைவு பொதுமக்களின் கண்ணிலிருந்து மட்டுமே, காவலரிடமிருந்து அன்று.

விமானத்தில் துப்பாக்கியைக் கையோடு கொண்டுபோக முடியாது. தோட்டாக்களை அகற்றி, முன்னதாக அறிவித்து, சரக்கறைப் பெட்டியில்தான் அனுப்பவேண்டும். பையின் மூலையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாவோடு டெல்லி விமான நிலையத்தில் சிக்கிய பயணிகள் மீதான வழக்குகள் பலவற்றை டெல்லி உயர்நீதிமன்றம் ரத்துசெய்துள்ளது. அறிந்தே வைத்திருந்ததற்குச் சான்று வேண்டும் என்பது அத்தீர்ப்புகளின் சாரம். ககன்ஜோத் சிங் வழக்கு (2014) இவ்வகையில் அடிக்கடி மேற்கோளாகிறது.

மயூர் விஹார்

யமுனைக்குக் கிழக்கே டெல்லி வளர்ச்சி ஆணையம் மூன்று கட்டங்களாக உருவாக்கிய இக்குடியிருப்பு, உத்தரப்பிரதேசத்தின் நொய்டாவை அடுத்தது. தமிழர், மலையாளிகள் கணிசமாக வாழும் பகுதி. முதற்கட்டத்திலிருந்து சில்லா எல்லைச் சாவடி சில நிமிடத் தொலைவே. மெட்ரோவின் நீல வழித்தடத்தில் மயூர் விஹார் எக்ஸ்டென்ஷனுக்கு அடுத்த நியூ அசோக் நகரோடு டெல்லி முடிகிறது. அதற்கடுத்த நொய்டா செக்டர் 15 உத்தரப்பிரதேசம். டெல்லிக்கு மட்டும் செல்லுபடியாகும் உரிமம் கொண்ட ஒருவர் இடுப்புத் துப்பாக்கியுடன் நொய்டா கடைவீதிக்குக் காரில் போனாலே சட்டப்படி அது வெளிமாநிலப் பயணம். மெட்ரோவில் போக நினைத்தால் எல்லைக் கேள்வியே எழாது: மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் சோதிக்கும் நிலைய வாயிலிலேயே பயணியின் துப்பாக்கிக்குத் தடை.

இன்றைய நிலை

உரிமங்கள் தேசியத் தரவுத்தளத்தில் தனி அடையாள எண்ணுடன் பதிவாகின்றன; பரப்பு நீட்டிப்புக்கான விண்ணப்பங்கள் உரிமம் வழங்கிய அதிகாரி வழியே செல்கின்றன.