பூஞ்சேரியில் இறங்குவோம்

மூன்று நாட்கள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தால் தாம்பரத்துவாசிகளின் நினைவுக்கு முதலில் வருவது மாமல்லபுரம். வண்டலூர், கேளம்பாக்கம், திருப்போரூர் வழியே ஏறத்தாழ 45 கிலோமீட்டர். காலையில் கிளம்பி, ரதங்களையும் அர்ச்சுனன் தபசையும் கடற்கரைக் கோயிலையும் பார்த்து, வறுத்த மீன் சாப்பிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். நாங்களும் பல ஆண்டுகள் அப்படித்தான் போய்வந்தோம்.

அப்படித் திரும்பிய ஒரு மாலையில், குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த நண்பர் ஒருவர், "இதையெல்லாம் செதுக்கியது யார்?" என்று கேட்டார். மகேந்திரவர்மன், மாமல்லன், பரமேசுவரவர்மன், இராஜசிம்மன் என்று நாங்கள் வரிசையாக அடுக்கினோம். "செதுக்கச் சொன்னவர்களைக் கேட்கவில்லையே" என்றார் அவர். ஒருவர் மட்டும் தயங்கியபடி "ஆயனச் சிற்பி" என்றார். கல்கி 'சிவகாமியின் சபத'த்துக்காகப் படைத்த கற்பனைப் பாத்திரம் அது என்பது அவருக்கும் தெரியும். பேருந்து முழுவதும் சிரித்தோம் என்றாலும், உள்ளூரக் கூச்சமாகவே இருந்தது. அந்தக் கேள்விக்கு விடை தேடும் விதமாகத்தான் இந்த மூன்று நாள் திட்டத்தை வகுத்தோம். வாசக நண்பர்களுக்கும் பயன்படலாம்.

முதல் நாளைப் பல்லாவரத்தில் தொடங்குங்கள். தாம்பரத்திலிருந்து மின்தொடர் வண்டியில் மூன்றாவது நிலையம். அங்கே பஞ்சபாண்டவர் மலையில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் இன்று தர்காவாக விளங்குகிறது. வழிபாட்டிடம் ஆகையால் அனுமதி பெற்று, அடக்கத்துடன் உள்ளே செல்ல வேண்டும். 'மத்தவிலாசம்' என்னும் அங்கத நாடகத்தை எழுதிய அந்த மன்னன், தன் பட்டப்பெயர்களை நீண்ட வரிசையாக இக்குகையில் வெட்டுவித்திருக்கிறான். பாறையைக் குடைந்தவனைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. இதே பல்லாவரத்தில்தான் 1863-ஆம் ஆண்டு மே மாதம் இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்லியலில் ஒரு புதிய அத்தியாயமே அதிலிருந்து தொடங்கியது. கண்டெடுத்தவரை நாம் அறிவோம். கல்லைத் தட்டித் தட்டி அக்கருவியைச் செய்த கையை அறியோம். மாலையில் மாமல்லபுரம் சேர்ந்து, இரண்டு இரவுகள் அங்கே தங்குவது நல்லது. நீள்விடுமுறைக் கூட்டம் பத்து மணிக்கு மேல்தான் வந்து சேரும். உள்ளூரில் தங்குபவர்களுக்கு விடிகாலை முழுவதும் சொந்தம்.

இரண்டாம் நாளை முற்றுப்பெறாத வேலைகளுக்கென்று ஒதுக்குங்கள். பெரும்பாலோர் எட்டிப் பார்க்காத பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் ஊரின் மேற்குப் பக்கம் இருக்கின்றன. தருமராஜ ரதத்தின் மேல்தளங்களில் நுணுக்கமான சிற்பங்கள் நிறைந்திருக்க, அடித்தளமோ அரைகுறையாக நிற்கிறது. சிகரத்திலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்தார்கள் என்பதற்கு அதுவே சான்று. பாதியில் நின்ற குகைகளின் சுவர்களில், பாறையைச் சிறு சிறு சதுரங்களாகப் பிளந்து, பிறகு அந்தச் சதுரங்களை ஒவ்வொன்றாக உடைத்தெடுத்த தடங்களைக் காணலாம். முடிந்த சிற்பம் மன்னனின் பெருமையைச் சொல்லும். வேலை நடந்த விதத்தை அறிய முடியாத சிற்பத்திடம்தான் செல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் விடியலில் கடற்கரைக் கோயில். இங்கே பாறையைக் குடையவில்லை. கல்லை வெட்டி அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். இது இராஜசிம்மன் காலத்துப் பணி. அங்கிருந்து வடக்கே சாளுவன்குப்பம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வெளிப்பட்ட கல்வெட்டு ஒன்றைத் தொடர்ந்து 2005-இல் அகழ்ந்தபோது இங்கே முருகன் கோயில் ஒன்று கிடைத்தது. பல்லவர் கற்கோயிலுக்கு அடியில் அதனினும் பழைய செங்கல் கட்டடம். பல்லவருக்கு முன்பே இக்கரையில் கோயில் கட்டிய கைகள் இருந்திருக்கின்றன.

நிறைவாக, வீடு திரும்பும் வழியில் பூஞ்சேரி. பழைய மாமல்லபுரம் சாலை முடியும் இடம். அங்குள்ள பாறை ஒன்றில் பல்லவர் கால எழுத்தில் சில பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன: கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன், இன்னும் சிலர். பட்டமும் இல்லை, புகழுரையும் இல்லை. மாமல்லபுரத்துப் பணியில் ஈடுபட்ட தச்சர்களின் பெயர்கள் இவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தச்சர்களுக்கிடையே கொல்லனுக்கு என்ன வேலை என்று வியக்க வேண்டியதில்லை. கருங்கல்லில் உளி விரைவில் மழுங்கிவிடும். பக்கத்தில் உலை மூட்டி, ஓயாமல் உளியைக் காய்ச்சித் தீட்டித் தர ஒருவன் இல்லாவிட்டால் ஒரு ரதமும் எழுந்திராது. சேமகனின் பெயரை அங்கே கண்டபோது எங்கள் நண்பரின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகவே உணர்ந்தோம்.

மாமல்லபுரத்தைப் பற்றிய வாதங்கள் பெரும்பாலும் எந்த மன்னன் எதைச் செய்வித்தான் என்பதைச் சுற்றியே வந்திருக்கின்றன. அனைத்தும் இராஜசிம்மன் ஒருவனின் பணியே என்று இரா. நாகசாமி 1962-இல் முன்வைத்த கருத்தும், அதற்கு எழுந்த மறுப்புகளும் வரலாற்று ஆர்வலர்கள் அறிந்தவை. அந்த வாதம் தேவையானதே. ஆனால் அதில் மூழ்கி, இத்தனை ஆண்டுகளாகப் பூஞ்சேரி முனையைப் பேருந்தில் அரைத்தூக்கத்தில் கடந்துகொண்டிருந்தோமே என்பதுதான் எங்கள் வருத்தம்.

இன்றும் மாமல்லபுரத் தெருக்களில் உளியோசை ஓயவில்லை. 1957-இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி அங்கே தலைமுறைகளை உருவாக்கியிருக்கிறது. 2017-இல் மாமல்லபுரக் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அடுத்த முறை அங்கே சிறு பிள்ளையார் ஒன்றை வாங்க நேர்ந்தால், விலை பேசுவதற்கு முன் செதுக்கியவரின் பெயரைக் கேளுங்கள். நாங்கள் இப்போதெல்லாம் கேட்கிறோம்.