ஒரே அங்காடி, இரு தீர்ப்புகள்

கொடுத்த வாக்கை ஒருவர் மீறினால் நீதிமன்றம் என்ன செய்ய வேண்டும்? வாக்கை நிறைவேற்றுமாறு ஆணையிடுவதா? நட்டத்தைக் கணக்கிட்டுப் பணமாகக் கொடுக்கச் செய்வதா? நாடுகள் இவ்வினாவிற்கு வெவ்வேறு விடைகள் கண்டுள்ளன. பிரிட்டன் என்னும் ஒரே தீவிற்குள்ளேயே இரு விடைகள் நிலவுவதை இங்கு நோக்குவோம்.

இங்கிலாந்தின் பொதுச்சட்ட மன்றங்கள் பெரிதும் பணத்தையே பரிகாரமாக அறிந்தவை. அது போதாதென்று கண்டவர்கள் சான்சலரை நாடினர். முற்காலச் சான்சலர்களுள் பெரும்பாலோர் திருச்சபையினர். மனச்சான்றை அளவுகோலாகக் கொண்டவர்கள். நிலம் போன்று ஈடு கிடைக்காத பொருளாயின், ‘எழுதிக் கொடு’ என்றே ஆணையிட்டனர்; மறுத்தவருக்குச் சிறை காத்திருந்தது. 1873, 1875 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் இருவகை மன்றங்களையும் ஒன்றாக்கின. ஆயினும் பணமே விதி, நிறைவேற்றம் விலக்கு என்னும் வரிசை மாறவில்லை. ஸ்காட்லாந்தோ 1707இல் இங்கிலாந்துடன் இணைந்தபோதும் தன் சட்டத்தையும் மன்றங்களையும் காத்துக்கொண்டது. ரோமானியச் சட்டத்தின் சாயல் படிந்த அங்கு நிறைவேற்றக் கோருவது உரிமை. மன்றம் மறுப்பதே அரிது.

இவ்வேறுபாடு வெறும் ஏட்டளவினதன்று. ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ வணிக வளாகத்தில் சேஃப்வே பேரங்காடி ஒன்று இருந்தது. 1979இல் 35 ஆண்டுகளுக்கு எழுதப்பட்ட குத்தகையில், வணிக நேரங்களில் கடை திறந்திருக்கும் என்னும் உறுதிமொழி உண்டு. நட்டம் கண்ட நிறுவனம் 1995இல் கடையை மூடிற்று. பேரங்காடிக்கு வரும் கூட்டத்தை நம்பியன்றோ வளாகத்துச் சிறுகடைகள் பிழைக்கின்றன! மேல்முறையீட்டு மன்றம் கடையைத் திறக்கப் பணித்தது. பிரபுக்கள் சபை 1997இல் அதனை நீக்கிற்று. வணிகம் நடப்பதை மன்றம் நாள்தோறும் கண்காணித்தல் இயலாது, நட்டத்தில் நடத்தச் சொல்வது வீண் என்பன காரணங்கள். இழப்பீடே போதும் என்றாயிற்று.

மூன்றே ஆண்டுகளில், 2000இல், ஸ்காட்லாந்தின் கிரீனக் நகரில் அதே சேஃப்வே மீது அதே போன்ற வழக்கு. எடின்பரோவின் மேல்மன்றம் கடையைத் தொடர்ந்து நடத்துமாறு ஆணையிட்டது. நமக்கு இத்தீர்ப்பே உவப்பானது. சிறுகடைக்காரரின் இழப்பு குத்தகைக்கு விட்டவருக்குரிய ஈட்டுத்தொகையில் எங்ஙனம் அடங்கும்?

பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவையோர் ஓலையின் எழுத்தை ஒப்புநோக்கியபின் சுந்தரரை முதியவருக்கு ஆட்படச் சொன்னார்களேயன்றி விலை பேசவில்லை என்பது ஈண்டு நினைவுக்கு வரும். எனினும் அஃது அடிமை ஓலை. ஒருவரது உழைப்பை ஆணையால் பெறுதலை எடின்பரோவும் இன்று ஏற்காது.

இந்தியா நெடுங்காலம் இங்கிலாந்தின் வழியிலேயே நின்றது. 1877ஆம் ஆண்டுச் சட்டமும் அதனை அடுத்து வந்த 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டமும் நிறைவேற்ற ஆணையை நீதிபதியின் விருப்புரிமைக்கு விட்டன. 2018ஆம் ஆண்டின் திருத்தம் அவ்விருப்புரிமையை நீக்கி, நிறைவேற்றத்தைப் பொதுவிதியாக்கிற்று. ஏட்டளவில் நாம் ஸ்காட்லாந்தின் பக்கம் வந்துவிட்டோம். காலத்தின் கணக்கோ வேறு. உலக வங்கி 2021இல் கைவிட்ட தொழில்சூழல் அறிக்கையின் இறுதிப் பதிப்பில், வணிக ஒப்பந்த வழக்கு முடியச் சிங்கப்பூருக்கு 164 நாள். இந்தியாவுக்கு 1,445 நாள். முன்பணம் கொடுத்து வீட்டுக்குக் கிரய ஒப்பந்தம் எழுதிக்கொண்டவர், வழக்கு நடக்கும் அத்தனை ஆண்டுகளும் மீதிப் பணத்தைச் செலுத்தத் தாம் ஆயத்தமாகவே இருந்ததை மெய்ப்பிக்க வேண்டும். அந்நிபந்தனையை 2018ஆம் ஆண்டுத் திருத்தமும் நீக்கவில்லை.