வீடு வாங்கும்போதும் விற்கும்போதும் ஏற்படும் மனஅழுத்தம்: நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் ஒரு விளக்கம்

ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் கையாளும் மிகப் பெரிய தொகை பெரும்பாலும் ஒரு வீட்டின் விலையாகவே இருக்கிறது. வாங்குவோர் பல ஆண்டுச் சேமிப்பையும் வருங்கால வருமானத்தையும் ஒருசேரப் பணயம் வைக்கின்றனர். விற்போருள் பலர் பெற்றோர் கட்டிய வீட்டையோ, தாம் பிறந்து வளர்ந்த வீட்டையோ இழக்கின்றனர். இத்தகைய காலத்தில் உறக்கம் குறைவதும் எரிச்சல் மிகுவதும் இயல்பானவையே. ஆனால் வீட்டில் நீண்டகால நோயாளியோ, முதியவரோ, மனநலச் சிகிச்சை பெறுபவரோ இருந்தால், இந்த அழுத்தம் நோயின் போக்கையே மாற்றக்கூடும். அத்தகைய குடும்பங்களுக்காகவே இவ்விளக்கம் எழுதப்பட்டுள்ளது.

மனஅழுத்தம் ஏன் இவ்வளவு மிகுகிறது?

1967ஆம் ஆண்டு அமெரிக்க மனநல மருத்துவர்களான தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்டு ராஹே ஆகியோர் 43 வாழ்க்கை நிகழ்வுகளுக்கு மதிப்பெண் அளித்து ஓர் அளவுகோலை வெளியிட்டனர். வாழ்க்கைத் துணையின் இறப்புக்கு 100 மதிப்பெண். வீடு மாறுவதற்கு அதில் 20 மட்டுமே அளிக்கப்பட்டுள்ளது. வீடு மாறுதலே வாழ்வின் மிகப் பெரிய மனஅழுத்தம் என்று பலரும் கூறுவதற்கு இவ்வளவுகோல் இடம் தருவதில்லை. எனினும் பெருங்கடனுக்கு 31, பொருளாதார நிலை மாறுவதற்கு 38, வாழும் சூழல் மாறுவதற்கு 25, குடும்பத்தினர் ஒருவரின் உடல்நிலை மாறுவதற்கு 44 என மதிப்பெண்கள் உள்ளன. நோயுற்ற ஒருவரைப் பராமரித்துக்கொண்டே கடன் பெற்று வீடு மாறும் குடும்பத்தில் இவை ஐந்தும் ஒரே ஆண்டில் நேர்கின்றன. கூட்டுத்தொகை 158. ஓராண்டில் 150ஐக் கடந்தால் உடல்நலம் குன்றும் வாய்ப்பு கூடுகிறது என்பது அவ்வளவுகோலின் கணிப்பு. இது நோயறியும் கருவியன்று. சுமை எவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிறது என்பதை உணர்த்த இது போதுமானது.

நம் ஊரில் இச்சுமைக்கு வேறு முகங்களும் உண்டு. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுச் சான்றிதழ் என ஒவ்வோர் ஆவணத்திற்கும் காத்திருக்க வேண்டியுள்ளது. ஒரு கையொப்பம் தர வேண்டிய உறவினர் வெளியூரிலோ மனத்தாங்கலிலோ இருப்பார். ஆடியிலும் மார்கழியிலும் குடிபுக மாட்டோம் என்பதால் ஆவணிக்குள் அல்லது தைக்குள் அனைத்தையும் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி எழுகிறது. வங்கிக் கடன் ஒப்புதல் தாமதமானால் முன்பணம் போய்விடுமோ என்ற அச்சம் சேர்கிறது. இவற்றுள் பெரும்பாலானவை நம் கட்டுப்பாட்டில் இல்லாதவை. நாள்கணக்காகக் காத்திருந்தும் தாம் செய்யக்கூடியது எதுவுமில்லை என்னும் நிலையே மனத்தை மிகவும் களைப்படையச் செய்கிறது.

உடலில் நிகழ்வது

மனஅழுத்தத்தின்போது அட்ரினலின், கார்டிசால் ஆகிய இயக்குநீர்கள் கூடுதலாகச் சுரக்கின்றன. அதனால் இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன. கல்லீரல் இரத்தத்தில் சர்க்கரையைக் கூடுதலாக வெளியிடுகிறது. சில நிமிடங்களுக்கு இது பாதுகாப்பு. பல மாதங்கள் நீடித்தால் தீங்கு. நீரிழிவு நோயாளிகளுக்கு உணவும் மருந்தும் மாறாத நிலையிலும் சர்க்கரை அளவு ஏறக்கூடும். தலைவலி, வயிற்றெரிச்சல், கழுத்து வலி, மறதி, அடிக்கடி சினம் கொள்ளுதல் ஆகியவையும் காணப்படும். அலைச்சலில் மாத்திரையைத் தவறவிடுவதும், காலை உணவின்றி அலுவலக வரிசையில் நிற்பதும், இரவில் உறக்கத்திற்காக மதுவை நாடுவதும் இயக்குநீர்களைக் காட்டிலும் பெருந்தீங்கு விளைவிப்பவை. இன்சுலின் எடுத்துக்கொள்வோர் பதிவு நாளன்று உணவையும், சர்க்கரை தாழ்ந்தால் உண்பதற்கு இனிப்பையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். பதிவு முடிய எவ்வளவு நேரமாகும் என்பதை முன்கூட்டியே உறுதியாகக் கூற இயலாது.

சிகிச்சைச் செலவுக்காக வீட்டை விற்கும் நிலை

எல்லா விற்பனைகளிலும் மிகக் கடினமானது இதுவே. நோயாளி தன்னால் வீடு போகிறது என்னும் குற்றவுணர்வுக்கு ஆளாகிறார். சிலர் சிகிச்சையே வேண்டாம் என மறுக்கின்றனர். குடும்பத்தினரோ மருத்துவமனை கேட்கும் தொகைக்கும் அவர் உயிருக்கும் இடையில் நின்று, கிடைத்த விலைக்கு இசைகின்றனர்.

அவசர நிலையில் எடுக்கப்படும் விற்பனை முடிவை இயன்றவரை சில நாட்களாவது தள்ளிவைக்க வேண்டும். அந்நாட்களில் செய்ய வேண்டியது ஒன்றுண்டு: மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் வினவுதல். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற வழியுள்ளது. அதே சிகிச்சை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கிடைக்கிறதா என்பதையும், சிகிச்சை முழுமைக்கும் எவ்வளவு ஆகும் என்பதையும் மருத்துவரிடம் நேரடியாகக் கேட்கலாம். இவ்வாறு கேட்பது நோயாளியின்மீது அன்பில்லாமையைக் காட்டாது. மொத்தச் செலவு தெரியாமல் வீட்டை விற்ற பின் பணம் பாதியில் தீர்ந்துபோவது அதனினும் துயரமானது.

நோயாளியிடம் உண்மையை மறைக்க வேண்டுமா என்று பலர் கேட்பதுண்டு. வீடு அவர் பெயரில் இருந்தால் மறைக்கவே இயலாது. வேறொருவர் பெயரில் இருந்தாலும், தரகர் வந்துபோவதையும் தாழ்ந்த குரல் பேச்சுகளையும் அவர் கவனித்துக்கொண்டுதான் இருப்பார். அமைதியான ஒரு வேளையில், அவர் நம்பும் ஒருவர், சுருக்கமாகச் சொல்லிவிடுவதே பெரும்பாலும் நல்லது. "இந்த வீடு யாருக்காகக் கட்டப்பட்டதோ அவர்களுக்காகவே பயன்படுகிறது" என்னும் பொருள்பட ஒரு சொல் கூறினால் அவர் மனம் சற்று இளகும்.

முதியோர், மறதி நோய், சட்டப் பாதுகாப்பு

மறதி நோய் உள்ளவரின் பெயரில் உள்ள சொத்தை விற்பதில் பராமரிப்பாளர்கள் பெருஞ்சிக்கலைச் சந்திக்கின்றனர். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, கையொப்பமிடும் வேளையில் செய்வதன் பொருளை உணர்ந்து முடிவெடுக்கக்கூடிய தெளிவு ஒருவருக்கு இருத்தல் வேண்டும். அத்தெளிவின்றிப் பெறப்பட்ட பத்திரம் பின்னாளில் நீதிமன்றத்தில் எதிர்க்கப்படலாம். அவர் தெளிவாக இருந்தபோது எழுதித் தந்த பொது அதிகார ஆவணம் எப்போதும் செல்லும் எனப் பலர் கருதுகின்றனர். அது தவறு, அதிகாரம் அளித்தவர் மனத்தெளிவை இழந்தால் அவ்வதிகாரமும் முடிவுக்கு வருகிறது. நோயின் தொடக்கக் கட்டத்திலேயே மனநல அல்லது நரம்பியல் மருத்துவரின் மதிப்பீட்டைப் பெற்று, வழக்கறிஞரைக் கலந்து முடிவெடுப்பது நன்று. அக்கட்டம் கடந்திருந்தால் நீதிமன்றத்தின் வழியாகப் பாதுகாவலராக நியமனம் பெற வேண்டியிருக்கும். அதற்குக் காலமாகும் என்பதை முன்னரே அறிந்திருந்தால் ஏமாற்றம் குறையும்.

உடல் மட்டுமே நலிந்து, மனம் தெளிவாக உள்ளவர்களைத் தள்ளுவண்டியில் பதிவு அலுவலகத்திற்குக் கொண்டுசெல்லும் துன்பம் தேவையற்றது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 31, 38 ஆகிய பிரிவுகளின்கீழ், நேரில் வர இயலாத நோயாளியின் இருப்பிடத்திற்கே பதிவு அலுவலர் வருமாறு கோரலாம். மருத்துவச் சான்றுடன் சார்பதிவாளரிடம் விண்ணப்பித்து, நடைமுறையையும் கட்டணத்தையும் கேட்டறிய வேண்டும். எழுதிக் கையொப்பமிட்ட பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்யச் சட்டம் நான்கு மாதம் வரை இடமளிக்கிறது என்பதையும் நினைவிற் கொள்க. அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாளில் பதிவை வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

பெற்றோர் தம் வீட்டைப் பிள்ளைகளில் ஒருவருக்குத் தானமாகவோ செட்டில்மென்ட்டாகவோ எழுதிக்கொடுக்கும் சூழலும் இதனோடு தொடர்புடையது. எழுதிக்கொடுத்த பின் கவனிக்கப்படாத முதியோரிடம் மனச்சோர்வு ஆழமாகவும், வெளியில் தெரியாமலும் இருக்கும். இறுதிவரை பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுவது நல்லது. அந்நிபந்தனை மீறப்பட்டால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ் அப்பத்திரம் செல்லாதென அறிவிக்குமாறு வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிடலாம். நிபந்தனை எழுதுமாறு கேட்பதைப் பிள்ளைகள் அவநம்பிக்கையாகக் கொள்ளத் தேவையில்லை.

பராமரிப்பாளர் தம் சுமையைக் குறைத்துக்கொள்ளும் வழிகள்

நோயாளியைக் கவனிப்பவரே பத்திரம், வங்கி, தரகர் அனைத்தையும் பார்க்கும் ஏற்பாடு நீண்ட நாள் நிலைக்காது. ஒருவர் மருத்துவத்தையும் மற்றொருவர் ஆவணங்களையும் பொறுப்பேற்க வேண்டும். தனியொருவராக இருந்தால், தொலைபேசி அழைப்புகளுக்கென நாளில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, மற்ற நேரத்தில் அவ்வுரையாடல்களைத் தவிர்க்கலாம். இரவு எட்டு மணிக்கு மேல் விலை, வட்டி, தவணை பற்றிப் பேசுவதில்லை என்னும் எளிய விதி பல குடும்பங்களில் உறக்கத்தை மீட்டுத் தருகிறது.

ஐயங்களை மனத்தில் சுமப்பதைவிட ஒரு குறிப்பேட்டில் எழுதுவது பயன் தரும். "பட்டா பெயர் மாற்றம்: வியாழக்கிழமை கேட்க வேண்டும்" என எழுதிவிட்டால், வியாழன் வரை மனம் அதைத் திரும்பத் திரும்ப எண்ண வேண்டியதில்லை. செலவுக் கணக்கில் விலையோடு முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், தரகு, குடிபெயரும் செலவு ஆகியவற்றையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். கையில் உள்ள பணம் போதாதெனப் பதிவுக்கு முந்தைய வாரத்தில் அறிய வருவதே பல வீடுகளில் கடும் பூசல்களுக்குக் காரணமாகிறது. நோயாளியின் ஆறு மாத மருந்துச் செலவை இக்கணக்கில் தொடாமல் தனியே வைப்பது நலம்.

உடன்பிறந்தோரிடையே பங்கு குறித்த கருத்து வேறுபாடு எழுந்தால், அப்பேச்சை நோயாளியின் படுக்கையருகே நடத்தக் கூடாது. இருதரப்பும் மதிக்கும் ஒரு மூத்த உறவினரின் முன்னிலையில், முடிவுகளை எழுத்தில் குறித்துக்கொண்டு பேசலாம். வழக்கறிஞருக்குச் செலவிட இயலாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தேசியச் சட்ட உதவி எண் 15100. பெண்களும் மாற்றுத்திறனாளிகளும் வருமான வரம்பின்றி இவ்வுதவிக்கு உரியவர்கள்.

குடிபெயரும் நாளும் அதன் பின்னும்

அனைத்து மருந்துகளும், மருத்துவக் குறிப்புகளும், காப்பீட்டு அட்டையும் சாமான் வண்டியில் ஏற்றப்படாமல் கைப்பையில் இருக்க வேண்டும். பயன்படுத்தாத இன்சுலின் குப்பிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைத்துக் கொண்டுசெல்க. பனிக்கட்டியை அவற்றின்மேல் நேரடியாக வைத்தால் மருந்து உறைந்து பயனற்றுப்போகும். இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்வோர் புதிய ஊரில் இடம் உறுதியான பிறகே நாள் குறிக்க வேண்டும். காசநோய்ச் சிகிச்சையில் உள்ளவர் பழைய நிலையத்தில் தெரிவித்தால், சிகிச்சை புதிய இடத்திற்கு மாற்றித் தரப்படும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டில் மருந்து பெறுவோர் புதிய முகவரியைச் சுகாதாரப் பணியாளரிடம் தெரிவிக்க வேண்டும். மனநல மருந்துகளை இவ்வாரத்தில் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

மறதி நோய் உள்ளவருக்குப் புதிய வீடு அச்சமூட்டும் இடம். மாலையில் குழப்பம் மிகுவதால் அவரைக் காலையிலேயே அழைத்துச் செல்லலாம். அவருடைய கட்டில், போர்வை, சாமிப்படம், நாற்காலி ஆகியவை முதலில் புதிய அறையில் பழைய அமைப்பிலேயே வைக்கப்பட வேண்டும். கழிவறைக்குச் செல்லும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். முதல் சில இரவுகள் ஒருவர் அருகில் உறங்கட்டும். "வீட்டுக்குப் போகலாம்" என அவர் கேட்கும்போது, "இதுதான் வீடு" என வாதிடுவதால் பயனில்லை. பழைய வீட்டைப் பற்றி அவரையே பேசவிட்டு, மெல்லக் கவனத்தைத் திருப்புவது நன்று.

புதுமனை புகுவிழா முடிந்து உறவினர் சென்றபின், மகிழ்ச்சிக்கு மாறாக வெறுமை தோன்றலாம். விற்ற வீட்டை எண்ணி அழுவதும் துக்கத்தின் ஒரு வகையே. அதை நன்றியின்மையாகக் கருத வேண்டாம்.

எப்போது மருத்துவ உதவி தேவை?

பெரும் மாற்றத்திற்கு இசைந்துபோக இயலாமையால் எழும் மனத்துயர் பொதுவாக ஒரு மாதத்திற்குள் தொடங்கி, ஆறு மாதங்களுக்குள் தணியும். இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் துயரமோ எதிலும் நாட்டமின்மையோ நீடித்தால், உறக்கமும் பசியும் கெட்டால், அன்றாடப் பணிகள் தடைபட்டால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம்; அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகுக. இருமுனை மனநோய் உள்ளவர் உறக்கமின்றியும் அளவுகடந்த உற்சாகத்துடனும் திடீரென வீட்டை விற்கவோ வாங்கவோ முனைந்தால், முன்பணம் கைமாறுவதற்கு முன் மருத்துவரிடம் அழைத்துச் செல்க. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவற்றை அலைச்சலின் களைப்பெனக் கருதாமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

கடன் அல்லது இழப்பு காரணமாக வாழ விருப்பமில்லை என ஒருவர் கூறினால், அதை வெறும் பேச்சாகக் கொள்ளாதீர்கள். அவரைத் தனியே விடாமல், அருகிலிருந்து கேட்டு, 14416 என்னும் எண்ணை அழையுங்கள். நட்புடன் உங்களோடு மனநல சேவையின் இவ்வெண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். பராமரிப்பாளர்களும் தம் பொருட்டு அழைக்கலாம். 104 மருத்துவ ஆலோசனை எண்ணும், மூத்த குடிமக்களுக்கான 14567 எண்ணும் உள்ளன.