காய்ச்சலை முந்திய சாயம்

கேமரன் மலையில் ரிங்லெட்டை அடுத்துள்ள போ தேயிலைத் தோட்டம் 1929-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அங்கே காட்டைத் திருத்திக் கொழுந்து வளர்த்தவருள் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர் பலர். அந்நாளில் மலாயாத் தோட்டத் தமிழரைப் பெரிதும் வாட்டிய பகை மலேரியாக் காய்ச்சல். குளிர்ந்த உயரங்களைவிட மலையடிவாரங்களில் அதன் கொடுமை மிகுதி. காட்டு நிழல் நீங்கி வெயில் பட்ட ஓடைகளிலேதான் அதனைப் பரப்பும் கொசுவினம் பெருகிற்று. காடு வெட்டிய கைகளே முதலில் நோய்க்கு ஆளாயின.

மருந்து இல்லாமல் இல்லை, குயினின் இருந்தது. ஆயின், காய்ச்சல் கண்டவரெல்லாம் மலேரியா நோயாளர் அல்லர். இரத்தத்தைப் பார்த்தே துணிதல் வேண்டும். இரத்தத் துளியைக் கண்ணாடிச் சில்லில் தடவி, ஜீம்சா சாயத்தில் ஏறத்தாழ அரைமணி நேரம் ஊறவைத்த பின்னரே உருப்பெருக்கியில் நோக்குவது வழக்கம். நோயாளர் வரிசையாகக் காத்திருக்கும் ஆஸ்பத்திரியில் இத்தாமதம் சிறிதன்று. மூளையைத் தாக்கும் மலேரியாவோ மணிக்கணக்கில் உயிரைக் குடிக்க வல்லது.

இத்தடையை நீக்கும் வழி மலாயாவிலேயே பிறந்தது. 1900-இல் நிறுவப்பெற்ற கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய ஜே. டபிள்யூ. பீல்டு, 1941-இல் தம் விரைவுச் சாய முறையை வெளியிட்டார். தடித்த இரத்தத் தடவலை உலர்த்தி, நீலச் சாயத்தில் ஓரிரு விநாடி தோய்த்து, நீரில் அலசி, செஞ்சாயத்தில் ஒரு விநாடி தோய்த்து, மீண்டும் அலசினால் போதும். சிவப்பணுக்களின் நிறம் கரைந்தோடக் கிருமிகள் தெளிந்து நிற்கும். துளி தடித்திருப்பதால், சிலவாகிய கிருமிகளும் விரைவிற் கண்ணிற் படும்.

இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. அணுக்களின் வடிவம் கலைவதால் கிருமியின் இனத்தை அறிதல் அரிது. அதனாலேயே தடித்த தடவலில் ஒவ்வோர் இனமும் எவ்வாறு தோன்றும் என்பதையும் பீல்டு விரிவாக எழுதினார். அவர் குறைத்தது வீண் காத்திருப்பை. கண்ணின் உழைப்பை அன்று.

2018 முதல் மலேசியாவில் மனிதரிடையே பரவும் மலேரியா உள்நாட்டில் தோன்றவில்லை. எனினும் குரங்குகளிடமிருந்து வரும் நோலெசி மலேரியா உள்ளது. அக்கிருமி 24 மணிக்கு ஒருமுறை பெருகுவதால், விரைந்து காணும் தேவை இன்றும் தீரவில்லை. மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் நோயின் அளவோடு காலத்தையும் கருதச் சொன்னது இத்தகைய விநாடிகளுக்கும் பொருந்துமன்றோ?